ரோபோ கையில் மில்லிங்கும் பிரிண்டிங்கும்: குறையை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

கணினி கட்டுப்பாட்டில் வெட்டும் சிஎன்சி மெஷினில் பழகியவர்கள் ரோபோ கைக்கு வந்ததும் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். ஃபினிஷ் சரியில்லையா, ஃபீடை (கட்டர் நகரும் வேகத்தை) குறைப்பார்கள். அப்போதும் சரியாகவில்லையா, டெப்த்தைக் குறைப்பார்கள். ரோபோவில் இது பல நேரம் பலன் தராது. காரணம் கட்டரில் இருக்காது; கை எந்த நிலையில் மடங்கி நிற்கிறது என்பதில் இருக்கும்.

ஒரு நல்ல மில்லிங் மெஷினின் ஸ்பிண்டிலை ஒரு மைக்ரான் நகர்த்த 50 நியூட்டனோ அதற்கு மேலோ தள்ள வேண்டும். ஆறு அச்சு ரோபோவின் நுனியை ஒரு மைக்ரான் நகர்த்தப் பெரும்பாலும் 1 நியூட்டன்கூடத் தேவையில்லை. அப்படியென்றால் 200 நியூட்டன் வெட்டு விசை வந்தாலே கட்டர் 0.2 மி.மீ. ஒதுங்கிவிடும். இந்த விறைப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாகவும் இருக்காது. கை மடங்கி இருக்கும்போது ஒன்று, நீட்டி எட்டும்போது வேறொன்று. ஒரே நிலையில்கூட எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

அதனால் எந்தக் குறை வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: அது எதோடு சேர்ந்து நகர்கிறது? ஜாப்பை (வெட்டப்படும் பொருளை) 300 மி.மீ. தள்ளி வைத்து, பேஸை (ஜாப் எங்கே இருக்கிறது என்று ரோபோவுக்குச் சொல்லும் ஆயத்தை) மறுபடி எடுத்து, அதே புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். ஜாப்பில் குறை அதே இடத்தில் வந்தால் புரோகிராமில் தேடுங்கள். இடம் மாறினாலோ வடிவம் மாறினாலோ கையில் தேடுங்கள். இரண்டும் இல்லாமல், கட்டரையோ அதைப் பிடித்திருக்கும் கோலட்டையோ மாற்றினால் மட்டும் மாறினால் ஸ்பிண்டில் பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனைக்குச் செலவாகும் நேரத்தை மிச்சப்படுத்த நினைத்தால், அதைப் போலப் பல மடங்கு நேரம் வேறெங்கோ போகும்.

## மேற்பரப்பில் அலை அலையாகக் கோடுகள்

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கோடுகளுக்கு முற்றிலும் வேறு வேறு காரணங்கள் உண்டு. கண்ணால் முடிவு செய்யாமல் ஸ்கேலை எடுங்கள். பத்து இடைவெளிகளின் மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுத்தால் ஓர் இடைவெளி கிடைக்கும். அப்புறம் ஸ்பிண்டில் வேகத்தைத் தொடாமல் ஃபீடை மட்டும் பாதியாக்கி, அதே இடத்தில் அதே திசையில் இன்னொரு பாஸ் ஓட்டி மறுபடி அளங்கள்.

இடைவெளியும் பாதியாகிவிட்டதா? அப்படியென்றால் ஏதோ ஒன்று ஒரே வேகத்தில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. ஃபீடு குறைந்ததால் கோடுகள் நெருங்கிவிட்டன. எது அதிர்கிறது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஃபீடு விநாடிக்கு 60 மி.மீ., இடைவெளி 4 மி.மீ. என்றால், 60ஐ 4ஆல் வகுக்க 15 ஹெர்ட்ஸ். பெரிய ரோபோ கைகளின் முதல் இயல்பு அதிர்வெண் 10 முதல் 25 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கும். ஆக, இங்கே முழுக் கையே ஊசலாடுகிறது.

சிஎன்சியில் சேட்டர் (வெட்டும்போது எழும் அதிர்வு) வந்தால் ஆர்பிஎம்மை (ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுற்றும் வேகத்தை) ஏற்றி இறக்கிப் பார்ப்போம். இங்கே அது எடுபடாது. இரண்டு பல் கட்டர் 18,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் பல் தட்டும் வேகம் விநாடிக்கு 600 முறை. அதை 500 ஆக்கினாலும் 15 ஹெர்ட்ஸ் ஆட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மாற்ற வேண்டியது வெட்டு விசையின் திசை. டூல் பாதையை 45 டிகிரியோ 90 டிகிரியோ திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் அலறும் கை, இன்னொரு திசையில் அமைதியாக வெட்டும்.

அடுத்த வழி ரோபோவுக்கு மட்டுமே உள்ள வசதி. மில்லிங்குக்கு ஐந்து அச்சு போதும். ஆறாவது சும்மா கிடைக்கிறது. கட்டர் நுனியும் சாய்வும் மாறாமல், கட்டரின் அச்சைச் சுற்றி முழுக் கையையும் 30, 60, 90 டிகிரி என்று திருப்பி வைக்கலாம். வெட்டும் இடம் அதேதான், ஆனால் விறைப்பு வேறு. இதைச் செய்தும் நிற்காவிட்டால் ஜாப்பை ரோபோவின் அடிப்பாகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். டெப்த்தைக் குறைப்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

கணக்கில் 300 ஹெர்ட்ஸ் போல ஒரு எண் வந்தால் கதை வேறு. 18,000 ஆர்பிஎம் என்பது விநாடிக்கு 300 சுற்று. 60 மி.மீ. ஃபீடில் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.2 மி.மீ. நகரும். கோடு சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் விழுந்தால், இரண்டு பல்லில் ஒன்றுதான் உண்மையில் வெட்டுகிறது. கோலட்டைக் கழற்றித் துடைத்து, டயல் வைத்து ரன் அவுட் (கட்டர் மையம் விலகிச் சுற்றும் அளவு) பாருங்கள். கீச்சென்று காதைத் துளைக்கும் சத்தம் வந்தால் அது கட்டரும் ஹோல்டரும் போடும் சத்தம். கட்டர் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தைக் குறையுங்கள், ஆர்பிஎம்மை மாற்றுங்கள். பழைய சிஎன்சி வைத்தியம் இங்கே செல்லும்.

இனி மற்றொரு முடிவு: ஃபீடைப் பாதியாக்கியும் இடைவெளி மாறவே இல்லை. அது அதிர்வு இல்லை, வடிவப் பிழை. ஜாப்பை நகர்த்தும் சோதனையைச் செய்யுங்கள். கோடு ஜாப்போடு ஒட்டிக்கொண்டு வந்தால், டூல் பாதையை எழுதித் தரும் கேம் மென்பொருள் வளைவைப் பெரிய நேர்க்கோட்டுத் துண்டுகளாக உடைத்திருக்கிறது, டாலரன்ஸை (அது அனுமதிக்கும் விலகலை) இறுக்குங்கள். ஜாப் நகர்ந்ததும் கோட்டின் நெருக்கமும் சாய்வும் மாறினால், அது கியர்பாக்ஸின் சிறு ஏற்ற இறக்கம். மணிக்கட்டு அச்சுகளில் ஹார்மோனிக் டிரைவ் என்ற வகைக் கியர்பாக்ஸ் இருக்கும் கைகளில் மோட்டார் பக்கம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இந்தப் பிழை இரண்டு முறை வந்து போகும். அதை அழிக்க முடியாது. மணிக்கட்டு மெதுவாக நெடுநேரம் திரும்பும்படி இருக்கும் பாதையை மாற்றி, சாய்வை நிலையாக வைத்து வெட்டினால் கோடு மங்கும்.

## அளவு வரவில்லை

ரோபோவின் தகவல் தாளில் ±0.05 மி.மீ. என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்பி இறங்குபவர்கள் அதிகம். அது ஐஎஸ்ஓ 9283 முறையில் அளந்த மறுநிகழ்வுத் துல்லியம்: கற்றுக்கொடுத்த ஒரே புள்ளிக்குத் திரும்பத் திரும்ப வருவதில் உள்ள சிதறல். ஆஃப்லைனில் எழுதிய புரோகிராமுக்கு வேண்டியது, சொன்ன ஆயத்தொலைவுக்கே போகும் திறன். காலிபரேஷன் செய்யாத பெரிய கையில் இந்தப் பிழை ஒரு மில்லிமீட்டரை எட்டுவது சாதாரணம். அளவு முக்கியம் என்றால் லேசர் டிராக்கர் வைத்துக் காலிபரேட் செய்த கை வேண்டும், அல்லது சிறிய பரப்புக்குள் அளந்து அளந்து திருத்திக்கொண்டு போக வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

பிழை எந்த வடிவத்தில் வருகிறது என்று பாருங்கள். முழு ஜாப்பும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளிப்போயிருந்தால் பேஸ் தவறு. டூல் நேராக இருக்கும்போது சரி, சாய்ந்ததும் தவறு என்றால் டிசிபி (டூலின் நுனி இங்கே இருக்கிறது என்று ரோபோவுக்குக் கொடுத்த புள்ளி) தவறு. இதைச் சோதிக்க ஒரு கூர்முனை ஊசியை மேசையில் இறுக்கி, டூலில் இன்னொரு கூர்முனையைப் பொருத்தி, இரண்டு நுனியையும் தொட வைத்து, நுனி நகராமல் டூலை மட்டும் எல்லாப் பக்கமும் சாயுங்கள். நுனிகள் விலகும் தூரம்தான் உங்கள் டிசிபி பிழை. டிசிபியை நான்கு புள்ளி முறையில் எடுக்கும்போது சாய்வுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் கன்ட்ரோலர் ஒரு விடையைக் கணக்கிட்டுத் தந்துவிடும்; அந்த விடை நம்பத்தக்கதாக இருக்காது.

ஒரு சுவர் மட்டும் தடித்து நின்றால் கை ஒதுங்குகிறது. கிளைம்ப் மில்லிங் (பல் தடித்த சிவலில் தொடங்கி மெல்லியதில் முடிக்கும் முறை) கட்டரைச் சுவரிலிருந்து வெளியே தள்ளும், பொருள் மிஞ்சும். அதற்கு நேர்மாறான கன்வென்ஷனலில் கட்டர் சுவருக்குள் இழுபடவும் கூடும். அப்போது அளவு குறைந்துவிடும், மீட்க முடியாது. மிஞ்சுவது மேல். கடைசி இரண்டு பாஸுக்கும் சமமான, மெல்லிய அளவு விட்டு வைத்தால் ஒதுங்கலும் சமமாகி, முதல் பாஸை அளந்து இரண்டாவதில் திருத்தலாம்.

வட்டத் துளை வட்டமாக வராமல் சில இடங்களில் சிறு படி விழுகிறதா? அச்சு திசை மாறும் இடத்தில் பேக்லாஷ் (கியர் பற்களுக்கு இடையிலான தளர்வு) காட்டும் குறி அது. சிஎன்சியில் இது எக்ஸ், ஒய் அச்சுகளின் மேல் நான்கு இடத்தில் வரும். ரோபோவில் முதல் அச்சு திசை மாறுவது, அதன் மையத்திலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு போடும் இரண்டு புள்ளிகளில். அதனால் ஜாப்பை ரோபோவின் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் படிகளும் வட்டத்தைச் சுற்றி நகரும். நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம், பேக்லாஷ்தான். பேரிங் உட்காரும் துளையை ரோபோ கையில் சுற்றி மில்லிங் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. போரிங் டூலுக்கு விட்டுவிடுங்கள்.

காலையில் ஓர் அளவு, மதியம் ஓர் அளவு என்றால் வெப்பம். கையின் உலோகமும் கியர்பாக்ஸும் சூடேறி நிலைக்கு வரும்வரை நுனி நகர்ந்துகொண்டே இருக்கும். வேலையில் எந்த அச்சுகள் அசையுமோ அதே அச்சுகளை அசைக்கும் ஒரு வார்ம் அப் புரோகிராமை முதலில் ஓட்டுங்கள். பேஸ் எடுப்பது அதற்குப் பிறகு.

பேலோடு (கை சுமக்கும் எடை) தகவலையும் பாருங்கள். ஸ்பிண்டில் எடையை மட்டும் போட்டு, ஈர்ப்பு மையத்தைப் பூஜ்ஜியமாக விட்டிருப்பது நிறைய இடங்களில் உண்டு. கன்ட்ரோலர் தவறான எடையைத் தாங்குவதாக நினைத்து மோட்டாரை இயக்கும்; பாதை விலகும், மோதாமலே மோதல் அலாரம் அடிக்கும்.

## ஓரங்கள் கருகுகின்றன, பிளாஸ்டிக் உருகி ஒட்டுகிறது

கட்டர் வெட்டாமல் தேய்க்கிறது. ஓவர்ரைடு (ரோபோவின் வேகத்தைச் சதவீதத்தில் குறைக்கும் அமைப்பு) 30 சதவீதத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கை மெதுவாகும், ஸ்பிண்டில் மெதுவாகாது. அடுத்தது அலகு. கேம் மென்பொருள் நிமிடக் கணக்கில் பேசும்; ஏபிபி ரோபோ விநாடிக்கு மில்லிமீட்டரில், கூக்கா ரோபோ விநாடிக்கு மீட்டரில் வேகத்தை எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 3,600 மி.மீ. என்பது 60 மி.மீ./விநாடி, அல்லது 0.06 மீ./விநாடி. கேம் பாதையை ரோபோவின் மொழிக்கு மாற்றும் போஸ்ட் புராசஸர் இதைச் சரியாக மாற்றுகிறதா என்று கட்டர் இல்லாமல் காற்றில் ஓட்டி, 600 மி.மீ. நேர்க்கோட்டுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பத்து விநாடி வர வேண்டும்.

## நடுவில் கை மெதுவாகிறது, மணிக்கட்டு சுழல்கிறது

ஐந்தாவது அச்சு பூஜ்ஜியத்தை நெருங்கும்போது நான்காவதும் ஆறாவதும் ஒரே கோட்டில் வந்துவிடும். சிறிய சாய்வு மாற்றத்துக்குக்கூட அவை இரண்டும் எதிரெதிராக வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த வேகத்தை அடைய முடியாமல் கை நுனியை மெதுவாக்கும், அல்லது அலாரம் அடித்து நிற்கும். ஜாப்பில் அந்த இடத்தில் ஒரு கருகல் அல்லது பள்ளம் தெரியும். இதுதான் மணிக்கட்டு சிங்குலாரிட்டி.

கட்டர் அச்சைச் சுற்றிக் கையைத் திருப்புவதும் ஜாப்பைச் சாய்த்து வைப்பதும் உடனடித் தீர்வு. நிரந்தரத் தீர்வு ஸ்பிண்டிலைப் பொருத்தும் விதத்தில் இருக்கிறது. ஃபிளாஞ்சுக்கு (மணிக்கட்டின் முனைத் தகட்டுக்கு) நேர்க்கோட்டில் பொருத்தாமல் 45 அல்லது 90 டிகிரி பிராக்கெட்டில் பொருத்தினால், அன்றாட வேலையில் ஐந்தாவது அச்சு பூஜ்ஜியத்துக்கு அருகிலேயே வராது. திருத்திய பாதையை முதலில் ஸ்பிண்டில் ஓடாமல், ஜாப்புக்கு மேலே 100 மி.மீ. தூக்கி ஓட்டுங்கள். கேபிள்கள் முறுக்கிக்கொள்ளும் இடமும் அப்போதே தெரிந்துவிடும்.

மணிக்கட்டு அமைதியாக இருந்தும் வளைவுகளில் கை திக்கித் திக்கி நகர்ந்தால் புள்ளிகள் அதிகம். 0.1 மி.மீ.க்கு ஒரு புள்ளி என்றால் 60 மி.மீ. வேகத்தில் விநாடிக்கு 600 புள்ளி. 4 மில்லி விநாடிக்கு ஒருமுறை நிலையைக் கணக்கிடும் கன்ட்ரோலருக்கு விநாடிக்கு 250 வாய்ப்புதான் இருக்கிறது. புள்ளிகளைக் குறையுங்கள், முடிந்தால் புள்ளிகளை ஒரே வளைவாக இணைக்கும் ஸ்ப்ளைன் இயக்கத்துக்கு மாறுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் 'ஃபைன்' என்று நின்று போகும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிளெண்டிங் ஆரத்தை (புள்ளியில் நிற்காமல் வளைந்து கடக்கும் அளவை) ஏற்றினால் ஓட்டம் வழுவழுப்பாகும். அளவுக்கு மீறினால் மூலைகள் உருண்டுவிடும்.

## பிரிண்டில் மூலைகள் புடைக்கின்றன

இனி, பிளாஸ்டிக் மணிகளை ஸ்க்ரூவால் தள்ளி உருக்கிப் பிரிண்ட் செய்யும் பெல்லட் எக்ஸ்ட்ரூடர். மூலையில் கை வேகம் குறைகிறது, ஸ்க்ரூ குறைவதில்லை, பிளாஸ்டிக் குவிகிறது. டிசிபியின் உண்மையான வேகத்துக்கு ஏற்ப மாறும் அனலாக் சிக்னலை ரோபோவிலிருந்து எடுத்து ஸ்க்ரூ டிரைவுக்குக் கொடுப்பதுதான் முறையான வழி. ஆனாலும் பீப்பாய்க்குள் இருக்கும் அழுத்தம் உடனே இறங்காது. அதனால் மூலைகளுக்கே ஓர் ஆரம் கொடுத்து, வேகத்தைக் குறைக்கத் தேவையில்லாதபடி பாதையை வரைவது அதைவிட நல்லது. லேயர் தொடங்கும் இடத்திலும் இதே தாமதம் தெரியும். வெட்டி எறியப்போகும் ஒரு பகுதியில் பாதையைத் தொடங்கி, ஓட்டம் சீரானதும் பொருளுக்குள் நுழையுங்கள்.

முதல் லேயர் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் ஒட்டாமல் இருந்தால் எல்லோரும் மேடையைத்தான் குறை சொல்வார்கள். இரண்டு மீட்டர் மேடையில் கையின் சொந்தப் பிழையே நாசில் இடைவெளியைத் தின்றுவிடும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். மேடை தட்டையாக இருந்தும் நடு மட்டும் விலகினால் அது கைதான்; அந்தப் பகுதிகளுக்கு உயரத் திருத்தம் கொடுங்கள்.

## லேயர்கள் பிரிகின்றன

அடுத்த லேயர் விழும்போது கீழ் லேயர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே விஷயம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை (இறுக்கம் விட்டு இளகத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 105 டிகிரி செல்சியஸ். மேற்பரப்பு அதற்குக் கீழே போய்விட்டால் புதிய லேயர் மேலே உட்காரும், உருகிச் சேராது. பெரிய பொருளில் ஒரு சுற்று முடிய நேரமாவதால் இது நடக்கும். வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது பொருளைப் பிரித்துப் போடுங்கள். சிறிய பொருளில் நேர்மாறு: ஆறுவதற்குள் அடுத்தது விழுந்து சுவர் தொய்யும். நாசிலில் பொரியும் சத்தமும் பட்டையில் குமிழியும் வந்தால் பெல்லட்டில் ஈரம். உலர்த்தாமல் வேறு எதைத் திருத்தியும் பயனில்லை.

## உலோகச் சுவர் ஏறுமாறாக வளர்கிறது

வெல்டிங் கம்பியை அடுக்கிக் கட்டும் வேலையில் உயரம்தான் எல்லாமே. ஆம்ஸ்டர்டாமில் 2021ல் திறக்கப்பட்ட எம்எக்ஸ்3டி நடைபாலம் இப்படி ரோபோ கைகளால் துருப்பிடிக்காத எஃகில் கட்டப்பட்டது. அதன் நீளம் சுமார் 12 மீட்டர். ஒரு லேயருக்குக் கால் மில்லிமீட்டர் தவறினாலும் நூறு லேயரில் அது 25 மி.மீ.

ஆர்க் தொடங்கும் இடத்தில் மேடும் முடியும் இடத்தில் பள்ளமும் விழுவது இயல்பு. ஒவ்வொரு லேயருக்கும் திசையை மாற்றினால் ஒன்றை ஒன்று ஈடுசெய்யும். மூடிய வளையம் என்றால் தொடக்கப் புள்ளியை ஒவ்வொரு முறையும் தள்ளி வையுங்கள். மேலே போகப் போகச் சுவர் அகலமாகி உயரம் குறைந்தால் சூடு சேர்ந்துவிட்டது. காத்திருக்கும் நேரத்தைக் கடிகாரத்தால் முடிவு செய்யாதீர்கள். வெப்பநிலையை அளந்து, துருப்பிடிக்காத எஃகுக்கு 150 டிகிரி போல ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே இறங்கிய பிறகு தொடருங்கள்.

சுவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வளர்ந்தால் டார்ச்சுக்கும் உலோகத்துக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். வெல்டைக் காக்கும் காஸ் சரியாக மூடாது, ஓட்டைகள் விழும். ஓட்டையைப் பார்த்துக் காஸ் சிலிண்டரைச் சந்தேகிப்பதற்கு முன் சுவர் உயரத்தை அளங்கள். சில லேயருக்கு ஒருமுறை நிஜ உயரத்தைப் புரோகிராமுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலுமினியத்தில் ஓட்டை என்றால் ஹைட்ரஜன்: கம்பியின் மேலுள்ள ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் பெரும்பாலும் வழி. பட்டைகளைப் பக்கம் பக்கமாகப் போடும்போது நடுவில் பள்ளம் விழுந்தால், மையங்களுக்கு இடையே பட்டை அகலத்தில் சுமார் முக்கால் பங்கு தூரம் விட்டுப் பாருங்கள்.

## பிரிண்ட் செய்ததை மில்லிங் செய்தால் ஒரு பக்கம் வெட்டவே இல்லை

இரண்டு காரணங்கள் உண்டு. ஆறும்போது பொருள் சுருங்கி வளைந்திருக்கும். அதனால் மில்லிங்குக்கு முன் புரோப் வைத்துப் பல இடங்களில் தொட்டு, எல்லாப் பக்கமும் வெட்டப் பொருள் இருக்கும்படி பேஸைத் திருத்துங்கள். மற்றொன்று, நாசிலின் டிசிபியும் கட்டரின் டிசிபியும் ஒத்துப்போகாதது. இதற்கு ஒரு சிறு சோதனை: ஒற்றைப் பட்டைச் சுவர் ஒன்றைப் பிரிண்ட் செய்து, அசைக்காமல் இரு பக்கமும் சமமாக வெட்டும்படி மில்லிங் செய்யுங்கள். ஒரு பக்கம் பளபளவென்றும் மறுபக்கம் பட்டையின் வரிகள் அப்படியேயும் இருந்தால், எந்தத் திசையில் தவறு என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு டிசிபியையும் ஒரே ஊசியில், கை ஒரே மாதிரி நிற்கும் நிலைகளில் எடுங்கள். கையின் சொந்தப் பிழை இரண்டிலும் ஒரே அளவாக வந்து, வித்தியாசத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

## நேற்றுவரை சரி, இன்று எதுவுமே பொருந்தவில்லை

யாரோ மோதிவிட்டுச் சொல்லாமல் போயிருக்கலாம். ஊசிச் சோதனையைச் செய்யுங்கள். எல்லா நிலையிலும் டூலைப் பொறுத்து ஒரே திசையில் தவறினால், டூலோ பிராக்கெட்டோ வளைந்திருக்கிறது. டிசிபி எடுத்தால் போதும். சில நிலைகளில் சரியாகவும் ஒரு குறிப்பிட்ட அச்சு அதிகமாகத் திரும்பும் நிலைகளில் தவறாகவும் வந்தால், அந்த அச்சின் பூஜ்ஜியம் நகர்ந்திருக்கிறது. மாஸ்டரிங் செய்யும் கருவியால் அந்த அச்சை மட்டும் மறுபடி பூஜ்ஜியமாக்குங்கள். அதற்குப் பிறகு டிசிபி, பேஸ் இரண்டையும் புதிதாக எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடர வேண்டும். பழைய எண்கள் தவறான பூஜ்ஜியத்தோடு எடுத்தவையாக இருக்கலாம்.